பாதி ஆடு

தலையில் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தவன் எழுதுகிறேன். எழுதச் சொன்னது எங்கள் படம் வரைகிற வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறவர்கள். 'அண்ணாச்சி, உங்களுக்கு வந்தது எங்க வீட்டுப் பெரியாளுக்கு வந்தா எப்படிக் கண்டுபிடிக்கது, ஒழுங்கா ஒரு தடவை எழுதிப் போடுங்க' என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டார்கள். நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். ஆனால் இப்போது போனில் பேசப் பேச அதுவே எழுதிக்கொள்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் போனைக் கேளுங்கள். கருத்துப் பிழை என்னிடம் வராது.

சங்கரன்கோயிலில் இறங்கி, போர்வெல் பரமசிவம் வீடு எது என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிறவர்கூட கையைக் காட்டுவார். போர் லாரியில் ராடு தூக்குகிற கூலியாக ஏறினேன், லாரிக்குச் சொந்தக்காரனாக இறங்கினேன். குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் காட்டில் பாறையைக் குடைந்து தண்ணீர் பார்த்த கை இது. மிஷின் ஓடுகிற சத்தத்தை ரோட்டில் நின்று கேட்டே, கீழே மண்ணா, சுக்கான் பாறையா, கருங்கல்லா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மை பெருமையாக இருந்தால் நான் என்ன செய்ய?

வண்டியை மகன் குமார் கையில் கொடுத்த பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. அப்போதுதான் பேனா செருகின போன் ஒன்று வாங்கினேன். போர் பைப்புக்குள் ஒரு காக்கா தலையைவிட்டு 'யாரு கீழே?' என்று கேட்கிற மாதிரி ஒரு படம் வரைந்து ஸ்டேட்டஸ் வைத்தேன். கரிவலம்வந்தநல்லூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பாக்கியம் அதைப் பார்த்துவிட்டு என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். அவள் வீட்டுக்கு நான்தான் போர் போட்டேன், அந்தப் பழக்கம். குழுவின் பேர் 'தினம் ஒரு கிறுக்கல்.' காலையில் பாக்கியம் ஒரு சொல் போடுவாள். விளக்கு வைப்பதற்குள் எல்லாரும் அந்தச் சொல்லுக்கு ஒரு வேடிக்கைப் படம் வரைந்து போட வேண்டும். போனில்தான் வரைய வேண்டும், பேப்பரில் வரைந்து போட்டோ எடுத்தால் செல்லாது. பார்த்தவன் சிரிக்க வேண்டும். ஒரு நாளும் விடக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

என் படத்தில் எப்போதும் ஒரே ஆள்தான். மேனேஜர் ஆடு. மூக்குக் கண்ணாடி, கக்கத்தில் ஒரு பை, முகத்தில் எப்போதும் ஒரு கடுப்பு. 'இட்லி' என்று சொல் வந்த நாளில், கொப்பரைக்குள் கழுத்துவரை துணி போர்த்திப் படுத்திருக்கிற இட்லிகளுக்கு மேனேஜர் ஆடு தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. 'தராசு' என்று வந்த நாளில் ஒரு தட்டில் ஆடு, இன்னொரு தட்டில் அதன் நிழல். நிழல்தான் கனம் கூட. இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள்? இதயம் இதயமாக வந்து விழும். பாக்கியம் மட்டும் இதயம் போட மாட்டாள். 'கொம்பு கோணல்', 'நிழல் எந்தப் பக்கம் விழுது பாத்தீகளா' என்று ஏதாவது ஒரு நொட்டை. எனக்கும் அவளுக்கும் இதிலேயே ஒரு போட்டி.

இனி நோய்க்கு வருகிறேன்.

ஒரு நாள் ஷெட்டில் நின்ற லாரியைப் பார்க்கப் போனபோது, போர்க் குழிக்குள் இறக்குகிற கேசிங் பைப் ஒன்று சரிந்து நின்றது, அதில் தலை இடித்தது. 'டங்' என்று ஒரு சத்தம். ஒரு பொட்டு ரத்தம் இல்லை, வீக்கம்கூட இல்லை. பைப்புதான் நெளிந்திருக்கும் என்று சொல்லிச் சிரித்தேன். ஏற்கனவே எனக்கு நெஞ்சுக் குழாயில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தது. ஸ்டென்ட் என்றால் அடைத்த குழாயைத் திறந்து வைக்கிற ஒரு சின்னக் கம்பிச் சுருள். அதில் ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. ரத்தத்தை உறையவிடாத மாத்திரை என்பது எனக்குத் தெரியும். தலை இடிக்கும்போது அதை நினைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

சில வாரம் கழித்து, காலையில் எழுந்தால் தலை பாரமாக இருந்தது. தலைவலி மாத்திரை போட்டால் போய்விடும், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சின்னச் சின்னதாய்ச் சில கூத்து நடந்தது. டி.வி.எஸ். வண்டியை வீட்டுக்குள் ஏற்றும்போது இடது கைப்பிடி கேட்டில் இடித்தது. மறுநாளும் இடித்தது. கேட்டைச் சின்னதாக வைத்துவிட்டான் என்று கொத்தனாரைத் திட்டினேன். என் சம்சாரம் ராமலெட்சுமி ஒரு நாள் என்னைப் பார்த்துவிட்டு, "ஏங்க, பாதி மொகந்தான் சவரம் பண்ணியிருக்கீக" என்றாள். கண்ணாடியைப் பார்த்தேன். எனக்கு முகம் முழுசாகத்தான் இருந்தது. கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த வாரம் பாக்கியம் கொடுத்த சொல் 'குடை.' மேனேஜர் ஆடு குடை பிடித்துக்கொண்டு, மழையில் நனைகிற ஒரு தவளைக்கு விடுமுறை மறுக்கிற மாதிரி வரைந்து போட்டேன். எனக்கே பிடித்த படம். குழுவில் ஒரே சிரிப்பு. 'அண்ணாச்சி, அரைக்குடை மழைக்குப் பத்துமா?' என்று ஒருவர். 'ஆட்டுக்குப் பின்னங்கால எங்க விட்டீக?' என்று பாக்கியம். வழக்கமான நொட்டை என்று நினைத்து, 'ஏலம் போட்டாச்சு' என்று பதில் போட்டேன். அதற்கும் சிரித்தார்கள். மறுநாள் சொல் 'தேர்.' நான் போட்ட தேருக்கு ஒரு பக்கம் சக்கரமே இல்லையாம். புதுமை என்று பாராட்டினார்கள். நானும் பாராட்டை வாங்கிக்கொண்டேன். எதற்குப் பாராட்டுகிறார்கள் என்றே தெரியாமல் வாங்கினது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

பாக்கியம் என்னிடம் பேசாமல் ராமலெட்சுமிக்குப் போன் அடித்திருக்கிறாள். ஜெராக்ஸ் கடைக்காரியில்லையா, ஒரு பக்கம் விழவில்லை என்றால் அவளுக்கு முதலில் சந்தேகம் மிஷின்மேல்தான். "அக்கா, அண்ணாச்சி போன்ல இடது பக்கம் டச்சு செத்துப் போச்சு போல. மூணு நாளா அந்தப் பக்கம் கோடே விழல. நீங்க ஒரு கோடு இழுத்துப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறாள். நான் குளிக்கப் போன நேரம். ராமலெட்சுமி போனை எடுத்து, விரலால் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஒரு கோடு இழுத்திருக்கிறாள். கோடு முழுசாக விழுந்திருக்கிறது. இன்னொன்று இழுத்திருக்கிறாள். அதுவும் விழுந்தது.

"போன் நல்லாத்தான் இருக்கு பாக்கியம்" என்றாளாம்.

 பிறகு பாக்கியம் மெதுவாக, "அப்படின்னா இன்னைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்கக்கா" என்றிருக்கிறாள்.

நான் துண்டோடு வெளியே வந்தபோது ராமலெட்சுமி என் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். போன் கெட்டுப்போனதற்கா அழுகிறாய் என்று கேட்டேன்.

ஊரில் டாக்டர் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொன்னார். கண்ணைத் திறந்தபோது இடது கை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. நான் இறக்கவில்லை. பிறகு ஒரு பேப்பரைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். கடிகாரமெல்லாம் எனக்கு ஒரு விஷயமா? வட்டம் போட்டு நம்பர் எழுதி, அதற்கு ஒரு மீசையும் வைத்துக் கொடுத்தேன். டாக்டர் அதை என்னிடம் திருப்பித் தராமல் குமாரிடம் காட்டினார். குமார் என் முகத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நம்பரும் வலது பக்கத்திலேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றதாம். அன்று சாயந்தரமே ஸ்கேன் எடுத்தோம். ஸ்கேனைப் பார்த்த கையோடு திருநெல்வேலிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ராயகிரியில் ஒரு தோட்டத்தில் பாதி இறங்கின போரை அப்படியே விட்டுவிட்டுக் குமார் காரில் ஏறினான்.

அங்கே மூளை டாக்டர் சின்ன வயசு, தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குமாம், கொப்பரைத் தேங்காய் ஓட்டுக்குள் ஆடுகிற மாதிரி. அப்போது மூளைக்கும் அதன்மேல் உள்ள உறைக்கும் நடுவில் ஓடுகிற சின்ன ரத்தக் குழாய்கள் இழுபடும். லேசாக இடித்தாலே அதில் ஒன்று அறுந்து ரத்தம் கசியும். ஒரே நாளில் இல்லை, வாரக் கணக்கில். உறைக்கு அடியில் அந்த ரத்தம் தேங்கி மூளையை அமுக்கும். இதற்கு சப்ட்யூரல் ஹெமட்டோமா என்று பேர். எனக்கு வலது பக்கம் தேங்கியிருந்தது. வலது மூளைதான் இடது பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறதாம்.

"கண்ணு நல்லா இருக்குய்யா. ஆனா இடது பக்கம்னு ஒண்ணு இருக்கதையே மூளை கணக்குல எடுக்க மாட்டேங்குது" என்றார். "இதுல கஷ்டம் என்னன்னா, விட்டுப்போனது உங்களுக்கே தெரியாது. முழுசா இருக்க மாதிரித்தான் இருக்கும்."

நான் நம்பவில்லை. எனக்குத் தெரியாமல் என்னிடமிருந்து ஒரு பைப்பைக்கூட எவனும் எடுத்ததில்லை, பாதி உலகத்தை எடுத்துவிட முடியுமா?

அப்போது அவர் குமாரிடம் திரும்பி, "ரெண்டு பர்ஹோல் போடணும்" என்றார். என் காதில் அது போர்ஹோல் என்றுதான் விழுந்தது. சரி, ஆஸ்பத்திரியில் தண்ணீர்க் கஷ்டம் போல, நான் யாரென்று விசாரித்து வைத்திருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"போட்டிருவோம் தம்பி. தண்ணிப் பாயிண்டு பாத்தாச்சா? எத்தனை அடி எதிர்பாக்கீக?"

டாக்டர் என்னைப் பார்த்தார். குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

"அடியெல்லாம் இல்லய்யா. கால் இஞ்சுகூட வராது."

"கால் இஞ்சுல எந்த ஊர்லவே தண்ணி வரும்?"

"அப்பா, உங்க தலைலப்பா" என்றான் குமார்.

பர்ஹோல் என்றால் மண்டை ஓட்டில் டிரில் வைத்துப் போடுகிற சின்ன ஓட்டை. அதன் வழியாகத் தேங்கின ரத்தத்தை வடித்துவிடுவது.  துளை போடுகிறது எப்படியிருக்கும் என்று தெரியாதவனுக்கு ஒரு பயம் என்றால், தெரிந்தவனுக்கு நூறு பயம். பாறை முடிந்து பொந்து வருகிற இடத்தில், துளைக்கிற பிட்டு தொப்பென்று கீழே இறங்கும். எத்தனை கெட்டிக்காரன் லிவரைப் பிடித்தாலும் அந்த ஒரு நொடி அவன் கையில் இல்லை. மண்டை ஓடு முடிகிற இடத்தில் பிட்டு இறங்கினால் என்னாகும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. எலும்பின் எதிர்ப்பு குறைந்த உடனே தானாக நின்றுவிடுகிற மாதிரி அந்த டிரில்லில் ஒரு கிளட்ச் இருக்கிறது என்றார். தானாக நிற்கிற மிஷினை நான் பார்த்ததில்லை. வாக்குக் கொடுக்கச் சொன்னேன். "மிஷினுக்கு நான் வாக்குக் கொடுக்கேன்யா. இடது பக்கம் முழுசாத் திரும்பி வரும்னு மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார். அந்தப் பேச்சுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரவைத்தது, தூக்கத்தை எடுத்ததும் அதே பேச்சுதான்.

ஆனால் உடனே ஆபரேஷன் செய்ய முடியாது. ரத்தத்தை உறையவிடாத மாத்திரையின் வேகம் உடம்பில் இருக்கிறவரை வெட்டினால் ரத்தம் நிற்காது. மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளுமோ என்று நெஞ்சு டாக்டருக்குப் பயம். நிறுத்தாவிட்டால் தலை. கடைசியில் இரண்டு டாக்டரும் பேசி, நிறுத்திவிட்டுச் சில நாள் பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார்கள். ஆக, படுத்துக்கொண்டு காத்திருப்பதுதான் வைத்தியம். நர்ஸ் பிள்ளைகள் மாறி மாறி வந்து கேட்பார்கள். பேரென்ன, இது எந்த ஊர், விரலைப் பிடிச்சு அழுத்துங்க, கண்ணில் டார்ச். நெஞ்சில் ஒயர் ஒட்டி ஒரு பெட்டி கத்திக்கொண்டே இருக்கும். எது முதலில் காலை வாரும், நெஞ்சா தலையா என்று நான் அந்தப் பெட்டியைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

டாக்டர் தம்பிக்கு என் படக்கதை தெரிந்துவிட்டது. "தினமும் வரைங்கய்யா. ஸ்கேன் அடிக்கடி எடுக்க முடியாது, இது எனக்கு உதவும்" என்றார். அதனால் குழுவில் பாக்கியம் சொல் போட, நான் படுக்கையில் வரைய, டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். ஒன்றும் சொல்லாமல் போவதைவிடத் திட்டிவிட்டுப் போகலாம்.

சோறு பாதி வயிற்றுக்குத்தான் வைக்கிறார்கள் என்று சண்டை போட்டேன். நர்ஸ் தட்டைத் திருப்பி வைத்தாள். அதில் இன்னும் அவ்வளவு சோறும், தொடாத முட்டையும் இருந்தது. எங்கிருந்து வந்தது? ராமலெட்சுமிமேலும் கோபம். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவளைக் கண்ணிலேயே காணோம். தண்ணீர் கொடுக்கிற நேரத்துக்கு வலது பக்கமாக வருவாள், அப்புறம் ஆளே இல்லை. புருஷன் இப்படிக் கிடக்கையில் எங்கே ஊர் சுற்றுகிறாள் என்று குமாரிடம் கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். அவனுக்கு அந்த நாட்களில் அலைச்சல். பில் கட்டுகிற ஜன்னல், இன்சூரன்ஸ் ஜன்னல், ரத்தம் கொடுக்கிற ஆள் தேடுவது. பில்லைப் பற்றி எழுதினால் எனக்குத் திரும்பவும் தலை வலிக்கும், விட்டுவிடுகிறேன். ராயகிரியில் போர் பாதியில் நின்ற தோட்டத்துக்காரர், காசைத் திருப்பிக் கேட்க வருவார் என்று நினைத்தால், ஒரு குலை இளநீரோடு வந்து வார்டு வாசலில் நின்றார். "தண்ணி ஓடியா போகும், அண்ணாச்சி எந்திரிச்சு வந்து பாக்கட்டும்" என்றார்.

ஒரு நாள் சொல் 'ஊஞ்சல்.' மேனேஜர் ஆடு ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கையெழுத்துப் போடுகிற படம். வரைந்து முடித்ததும் ராமலெட்சுமி வலது பக்கமாக வந்து போனை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னட்டி? நல்லா இல்லையா?"

"பாதி ஆடுதாங்க இருக்கு."

"பொய் சொல்லாத. எல்லாரும் சேந்துக்கிட்டு என்னைக் கோட்டி ஆக்குதீக."

அவள் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஆடு இருந்தது, ஊஞ்சல் இருந்தது. பிறகு போனை அப்படியே தலைகீழாகத் திருப்பினாள்.

வெள்ளை. வெறும் வெள்ளை. ஆட்டைக் காணோம்.

அழித்துவிட்டாள் என்று நினைத்தேன். நேராகத் திருப்பினாள், ஆடு வந்தது. தலைகீழாகத் திருப்பினாள், போய்விட்டது. அவள் கையில் போனைத் தவிர ஒன்றும் இல்லை. படத்தில் நான் தொடாத பாதி, திருப்பினதும் என் வலது பக்கம் வந்து வெறுமையாக நின்றது. வரைந்த பாதி இடது பக்கம் போய் என்னை விட்டு மறைந்துவிட்டது. இது எனக்கு விளங்குவதற்கு முன்னால் என் உடம்புக்கு விளங்கிவிட்டது. வேர்த்துக்கொட்டியது. ஆடு போச்சு, குடை போச்சு, பரவாயில்லை. இந்த அறையில் இன்னும் எது எது இல்லை? கட்டில் இந்தப் பக்கம் முடிகிறதா? யாரெல்லாம் நிற்கிறார்கள்? கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்லை. யாராவது சொன்னால்தான் உண்டு. எவன் சொல்லையும் கேட்டுப் பழகாதவன் நான்.

"பாதி இல்லட்டி" என்றேன்.

"ஆமாங்க" என்றாள்.

மறுநாள் விடியும்போது நிலைமை மோசமாகிவிட்டது. எனக்கு நினைவு துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. நர்ஸ் பேரைக் கேட்டாள், லாரி நம்பரைச் சொன்னேனாம். இடது கையால் அவள் விரலை அழுத்த முடியவில்லை. தூக்கம் தூக்கமாக வந்தது. டாக்டர் ஓடிவந்தார். இனிமேல் காத்திருந்தால் விழிக்காமலே போகலாம், இப்போது திறந்தால் ரத்தம் நிற்காமல் போகலாம், ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்களை ஏற்றிக்கொண்டே செய்துவிடலாம் என்று குமாரிடம் சொன்னார். குமார் எத்தனையோ காட்டில் எத்தனையோ போர் இறக்கினவன், அவனுக்குக் கையெழுத்துப் போட விரல் வரவில்லை. ராமலெட்சுமி பேனாவை வாங்கித் தன் பேரை எழுதினாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. துளை போடுவதற்கு முன்னால் அந்த வீட்டுப் பெரிய பொம்பிளை லாரிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பாள். வண்டி நசுக்கிக்கொண்டு ஏற வேண்டும், அப்போதுதான் பிட்டு தங்கும், தண்ணீர் தெளியும். என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றித் தள்ளினபோது ராமலெட்சுமி குனிந்து முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு பழத்தை வைத்துவிட்டாள். நெற்றியில் கோமதியம்மன் கோயில் புற்றுமண் பூசப் போனவளை, கிருமி சேரும் என்று நர்ஸ் ஏற்கனவே தடுத்திருந்தாள். பழத்தை யாரும் பார்க்கவில்லை. சின்னச் சக்கரம், பெரிய பழம். ஸ்ட்ரெச்சர் நட்டமாய் நின்றுவிட்டது.

"யாரும்மா இது, எமர்ஜென்சி கேஸுக்கு முன்னால?" என்று தள்ளுகிறவர் கத்தினார்.

"அழுத்தித் தள்ளுங்கய்யா, ஏறிரும்" என்றாள் ராமலெட்சுமி.

அவர் இரண்டு கையாலும் ஓங்கித் தள்ளினார். பழம் நசுங்கி வழவழவென்று தரையெல்லாம் சாறு. அந்த வாசனை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டெட்டால் வாடைக்கு நடுவில் என் தொழிலின் வாடை.

நெஞ்சு தாங்காது என்று முழு மயக்கம் கொடுக்கவில்லை. தலைத்தோலை மரக்கச் செய்து, முழித்துக்கொண்டிருக்கும்போதே போட்டார்கள். முகத்தில் பச்சைத் துணி. டாக்டர், "ஐயா, சத்தம் கேக்கும், வலிக்காது" என்றார். எனக்கா சத்தத்தைப் பற்றிச் சொல்லுகிறார்?

டிரில் ஓடியது. மற்றவன் காட்டில் கேட்ட சத்தம் இப்போது என் காதுக்கு உள்ளேயிருந்து வந்தது. பல்லெல்லாம் அதிர்ந்தது. முதலில் ஒரு கரகரப்பு, மேல்தட்டு. பிறகு சத்தம் கொஞ்சம் இளகியது. நடுவில் பஞ்சு மாதிரி எலும்பு, அங்கே சத்தம் மெத்தென்று இருந்தது. பிறகு திரும்ப இறுகியது. உள்தட்டு. இதற்கப்புறம் பொந்துதான். என் வலது கை யாரையோ இறுகப் பிடித்தது. அந்த ஒரு நொடி எவன் கையிலும் இல்லாத நொடி என்று எனக்குத் தெரியும். சத்தம் ஏறியது, ஏறியது. 'இப்ப இறங்கும்' என்று நினைத்தேன்.

நின்றுவிட்டது. தானாக. ஒரு சின்ன டிக்கோடு.

கொஞ்ச நேரம் எல்லாரும் அமைதி. எங்கள் தொழிலில் இந்த அமைதிக்குப் பிறகு வெறும் கல்தூள் புகை வரும் அல்லது தண்ணீர் வரும். இன்னும் கீழே ஒரு உறை இருந்தது, அதைக் கத்தியால் கீறினார்கள். கழுத்து ஓரமாகச் சூடாக என்னவோ ஓடியது. பழைய ரத்தம், என்ஜின் ஆயில் மாதிரிக் கறுப்பாக இருந்தது என்று டாக்டர் பிறகு சொன்னார். அப்போது அவர் சொன்னது ஒரே ஒரு சொல்.

"வருது."

அந்தச் சொல்லை எத்தனை பேர் வீட்டு முற்றத்தில் நான் சொல்லியிருப்பேன், ஆனால் கேட்டுக்கொண்டு கிடப்பவனுக்கு அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. இரண்டாவது ஓட்டை போட்டதும் புது ரத்தம் கொஞ்சம் கசிந்து நிற்காமல் அவர்களைப் பாடாய்ப் படுத்திவிட்டதாம். அது எனக்குத் தெரியாது. நான் உறங்கிப்போனேன்.

ஆபரேஷன் முடிந்து தலையிலிருந்து ஒரு டியூப் பையில் இறங்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருப்பது வடியவேண்டும், அதுவரை தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வேண்டும். கறுப்பு வடிந்தது, பிறகு சிவந்தது, பிறகு வெளுத்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் குமார் நர்ஸிடம் ஓடினான். ஆனால் யாருமே என்னிடம் இடது பக்கம் தெரிகிறதா என்று கேட்கவில்லை. கேட்கப் பயந்திருக்கிறார்கள். எனக்கும் பயம்தான். தெரிகிறது என்று நான் சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? இல்லாதபோதும் அப்படித்தானே சொன்னேன்?

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வயசாளிக்குத் தலையில் லேசாக இடித்து வாரக் கணக்கில் ஆன பிறகும் தலைவலி, தள்ளாட்டம், ஒரு பக்கம் இடிப்பது, உடையை அரைகுறையாகப் போடுவது இருந்தால் அவரிடம் கேட்காதீர்கள். அவருக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லுவார், என்னைவிடச் சத்தமாகச் சொல்லுவார். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வரைந்ததைப் பாருங்கள், அவர் தட்டைப் பாருங்கள். பாக்கியத்தைப் போல நொட்டை சொல்லுகிற ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது. இதயம் போட்டவர்கள் யாரும் என்னைக் காப்பாற்றவில்லை.

டியூப்பை எடுத்த மறுநாள் காலை. நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன். ஜன்னலில் வெயில். என்னமோ ஒரு சின்னச் சத்தம், ஆரஞ்சுத் தோல் உரிக்கிற சத்தம். யார் என்று திரும்பினேன். யோசித்துத் திரும்பவில்லை. யாரும் திரும்பச் சொல்லவும் இல்லை.

கட்டிலுக்கு இடது பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ராமலெட்சுமி. நாற்காலிக்கு அடியில் பிளாஸ்க், அவளுடைய துணிப்பை, குமாருடைய ஹெல்மெட். கைப்பிடியில் துவைத்துக் காயப்போட்ட என் துண்டு. ஜன்னல் கட்டையில் சீப்பு, எண்ணெய்ப் புட்டி, மடித்துவைத்த போர்வை. ஒரு சின்ன வீடே அங்கே நடந்துகொண்டிருந்தது. அவள் கண்ணுக்கடியில் கறுத்துப்போய், கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஏட்டி, நீ எப்பம் வந்தே?" என்றேன்.

அவள் கை உரித்த சுளையோடு அப்படியே நின்றது. நான் அவளைத்தான் பார்க்கிறேனா என்று என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் எங்கன போனேன்?" என்றாள். "வந்த நாள்லருந்து இங்கனதான் உக்காந்திருக்கேன்."